கேள்வி – பதில்: சோதித்த இமேஜே வெளியே போகட்டும்

மென்பொருள் தொகுப்பு ஒன்றின் கன்டெய்னர் இமேஜை (நிரலையும் அது ஓடத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டிய பொதியை) சிஐ வழியாக, அதாவது பில்டையும் சோதனையையும் தானே ஓட்டும் அமைப்பின் வழியாக, உருவாக்குவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். பெரும்பாலான கேள்விகள் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் சார்ந்தவை. ஒன்று கிட்லேப் பற்றியது.

கேள்வி: எங்கள் பைத்தான் சேவையின் இமேஜை இதுவரை ஒருவருடைய லேப்டாப்பில் பில்ட் செய்து கையால் புஷ் செய்துவந்தோம். இதை கிட்ஹப் ஆக்ஷன்ஸுக்கு மாற்ற விரும்புகிறோம். எங்கே தொடங்குவது?

பதில்: ஒரு வரி எழுதுவதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். சோதனையில் தேறிய இமேஜும் பயனருக்குப் போகும் இமேஜும் ஒன்றாகவே இருக்க வேண்டும். பல பைப்லைன்களில் சோதனைக்கு ஒரு பில்ட், வெளியீட்டுக்கு வேறொரு பில்ட் என்று நடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் அடிப்படை இமேஜ் மாறியிருக்கலாம். ஏதாவது ஒரு நூலகத்தின் புதுப் பதிப்பு வந்திருக்கலாம். அப்படியானால் வெளியே போனதை யாருமே சோதிக்கவில்லை என்றுதான் பொருள்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் செக்அவுட், அதாவது ரெப்போவின் நிரலை இறக்குவது. அடுத்து, இமேஜ்களைச் சேமித்து வைக்கும் ரிஜிஸ்ட்ரியில் லாகின். பிறகு டாக்கரின் பில்ட் கருவியான பில்டெக்ஸின் அமைப்பு. பிறகு இமேஜை பில்ட் செய்து, கமிட் அடையாளத்தை மட்டும் டேக்காக வைத்து ரிஜிஸ்ட்ரிக்கு அனுப்புங்கள். பில்ட் படி தன் வெளியீடாக ஒரு டைஜெஸ்ட் (இமேஜின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளம்) தரும்: 'ஷா256' என்று தொடங்கி 64 பதினறும எழுத்துகள் கொண்டது. அடுத்த ஜாப் அந்த டைஜெஸ்ட்டை வைத்தே இமேஜை இழுத்துச் சோதிக்கட்டும். தேறினால் மட்டும் அதே டைஜெஸ்ட்டுக்கு '1.4.2', 'லேட்டஸ்ட்' போன்ற பெயர்களைச் சூட்டுங்கள். 'க்ரேன்' கருவியின் டேக் கட்டளை இதைச் சில நொடிகளில் முடித்துவிடும். மறு பில்ட் இல்லை, இமேஜின் அடுக்குகளை மறுபடி ஏற்றுவதும் இல்லை.

லேப்டாப்பிலிருந்து மாறுபவர்கள் எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம் அனுமதிகள்தான். ஒர்க்ஃப்ளோவின் (சிஐ படிகளை எழுதும் கோப்பின்) 'பர்மிஷன்ஸ்' பகுதியில் 'பேக்கேஜஸ்: ரைட்' என்று மட்டும் எழுதினால், எழுதாத மற்ற அனுமதிகள் எல்லாம் பறிபோகும். தனியார் ரெப்போவில் செக்அவுட்டே நின்றுவிடும். 'கன்டென்ட்ஸ்: ரீட்' என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டும் இருந்தும் புஷ் செய்யும்போது 403 (அனுமதி மறுப்பு) வந்தால், முன்பு தனிநபர் டோக்கனால் கையால் ஏற்றிய அதே பேக்கேஜ்தான் காரணமாக இருக்கும். அது உங்கள் ரெப்போவோடு இணைக்கப்படாமல் தனியாக நிற்கிறது. அந்த பேக்கேஜின் அமைப்புகளுக்குள் போய், ஆக்ஷன்ஸ் அணுகல் பகுதியில் ரெப்போவைச் சேர்த்து எழுதும் உரிமை கொடுத்தால் சரியாகிவிடும்.

இன்னொன்று, இமேஜ் பெயரில் பெரிய எழுத்து கூடாது. நிறுவனப் பெயரிலோ ரெப்போ பெயரிலோ ஒரே ஒரு பெரிய எழுத்து இருந்தாலும் பில்ட் நின்றுவிடும். டாக்கரின் மெட்டாடேட்டா ஆக்ஷனைப் பயன்படுத்தினால் அதுவே சிறிய எழுத்தாக மாற்றிவிடும்.

கேள்வி: ஒரே ஒரு வரியை மாற்றினாலும் சிஐயில் எல்லா நூலகங்களும் மறுபடி நிறுவப்படுகின்றன. லேப்டாப்பில் அதே டாக்கர்ஃபைல் நொடிகளில் முடிகிறது. கேஷ் ஏன் வேலை செய்யவில்லை?

பதில்: இதில் இரண்டு பிரச்சினைகள் கலந்திருக்கின்றன. ஒன்று, இமேஜைக் கட்டும் கட்டளைகள் அடங்கிய டாக்கர்ஃபைலில் இருக்கிறது; மற்றொன்று, ஜாபை ஓட்டும் இயந்திரமான ரன்னரில்.

முதலில் டாக்கர்ஃபைல். 'ரன்' கட்டளைக்கான கேஷ், கட்டளையின் எழுத்து வடிவத்தையும் அதற்கு முந்தைய அடுக்குகளையும் பொறுத்தது. 'காப்பி' கட்டளைக்கோ கோப்புகளின் உள்ளடக்கமே கணக்கு. கோப்பு மாற்றப்பட்ட நேரம் கணக்கில் வராது. எனவே புதிதாக செக்அவுட் செய்ததால் கேஷ் உடைந்தது என்று நினைக்க வேண்டாம். சார்புப் பட்டியல் கோப்பை மட்டும் முதலில் காப்பி செய்யுங்கள், அடுத்து பிப் நிறுவல், அதற்குப் பிறகே மூலநிரல். இந்த வரிசை பலருக்கும் தெரியும். தெரிந்தும் கேஷ் உடைவதற்கு இரண்டு காரணங்களை அடிக்கடி பார்க்கிறோம்.

ஒன்று, 'டாட் கிட்' அடைவு பில்ட் சூழலுக்குள் வந்துவிடுவது. ஒவ்வொரு கமிட்டிலும் அது மாறும்; அதை உள்ளே இழுக்கும் காப்பி கட்டளைக்குக் கீழே எதுவும் கேஷில் நிற்காது. 'டாட் டாக்கர்இக்னோர்' கோப்பில் அதைச் சேர்த்துவிடுங்கள். சோதனை அறிக்கைகள், மெய்நிகர் சூழல் அடைவு, எடிட்டர் கோப்புகள் ஆகியவற்றையும் அப்படியே விலக்குங்கள்.

இரண்டாவது, கமிட் அடையாளத்தையோ பில்ட் தேதியையோ 'ஆர்க்' (பில்டின்போது மதிப்பு தரப்படும் மாறி) ஆகக் கோப்பின் தலையிலேயே அறிவிப்பது. ஆர்க் அறிவிப்புக்குப் பின் வரும் ஒவ்வொரு ரன் கட்டளைக்கும் அதன் மதிப்பு சூழல் மாறியாகப் போய்ச் சேருகிறது. கட்டளைக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டாலும் மதிப்பு மாறினால் கேஷ் உடையும். அதைக் கடைசி வரிகளுக்கு இறக்குங்கள். அதைவிட நல்ல வழி, கமிட் அடையாளத்தை லேபிளாகக் கொடுப்பது. பில்ட் கட்டளையோடு தரப்படும் லேபிள்கள் இமேஜின் இறுதியில்தான் ஒட்டப்படுகின்றன, கேஷைத் தொடுவதில்லை.

இனி ரன்னர். கிட்ஹப் தரும் ரன்னர் ஒவ்வொரு ஜாபுக்கும் புதிய இயந்திரம். நேற்றைய அடுக்குகள் அதில் இருக்காது. 'கேஷ்-டு', 'கேஷ்-ஃப்ரம்' என்ற இரண்டையும் கொடுத்தால்தான் கேஷ் வெளியே போய்த் திரும்ப வரும். பில்டெக்ஸ் அமைப்புப் படியை விட்டுவிட்டால், இயல்பான டாக்கர் டிரைவர் கேஷ் ஏற்றுமதியை ஆதரிக்கவில்லை என்ற பிழை வரும். அந்தப் படியைச் சேர்த்தால் 'டாக்கர்-கன்டெய்னர்' டிரைவர் அமையும், பிழை போகும்.

பலகட்ட பில்ட் வைத்திருப்பவர்கள் 'மோட்=மேக்ஸ்' என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். இயல்பாக இருப்பது 'மின்'. அது இறுதி இமேஜில் மிஞ்சும் அடுக்குகளை மட்டும் சேமிக்கும். நேரம் தின்னும் தொகுப்புக் கட்டம் (நிரலை கம்பைல் செய்யும் கட்டம்) இறுதி இமேஜில் இல்லை என்பதால் அது சேமிக்கப்படாது. பதிவில் கேஷ் ஏற்றப்பட்டதாகத் தெரியும், ஆனால் அடுத்த பில்ட் முழுதாக ஓடும். இந்த இடத்தில்தான் பலர் கேஷையே குறை சொல்லிக் கைவிடுகிறார்கள்.

ரன் கட்டளைக்குள் கேஷ் மவுண்ட் வைத்து பிப் பதிவிறக்கங்களைச் சேமிக்கும் பழக்கம் இருந்தால், அது லேப்டாப்புக்கு அருமை. ஆனால் மவுண்டின் உள்ளடக்கம் கேஷ் ஏற்றுமதியில் சேராது. புதிய ரன்னரில் எப்போதும் காலியாகவே இருக்கும். நீங்கள் கேட்ட வேக வித்தியாசத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கிட்ஹப் கேஷுக்கு ரெப்போவுக்கு இயல்பாக 10 ஜிபி வரம்பு; 7 நாள் தொடப்படாதது நீக்கப்படும். ஒரு கிளையில் சேமித்த கேஷை வேறொரு கிளை படிக்க முடியாது, ஆனால் மெயின் கிளையின் கேஷை எல்லாக் கிளைகளும் படிக்கலாம். எனவே மெயினிலும் இதே பில்ட் ஓடி கேஷை நிரப்ப வேண்டும். ஒரே ரெப்போவில் இரண்டு இமேஜ்கள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி 'ஸ்கோப்' கொடுங்கள். இல்லையென்றால் ஒன்றின் மேல் மற்றொன்று எழுதிக்கொண்டே இருக்கும். 10 ஜிபி போதாத பெரிய இமேஜ்களுக்கு ரிஜிஸ்ட்ரியிலேயே தனி டேக்கில் கேஷை வைப்பது நல்லது. சிறிய இமேஜ்களிலோ, கேஷை இறக்கி ஏற்றும் நேரமே நிறுவல் நேரத்தைவிட அதிகமாகிவிடலாம். இரண்டு விதமாகவும் ஓடவிட்டு நேரத்தை ஒப்பிட்ட பிறகே கேஷை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிட் டேக்கிலிருந்து பதிப்பு எண்ணைத் தானாக எடுக்கும் 'செட்அப்டூல்ஸ்-எஸ்சிஎம்' பயன்படுத்துகிறோம். இமேஜுக்குள் பதிப்பு தவறாக வருகிறது, சில சமயம் பில்டே நின்றுவிடுகிறது.

பதில்: செக்அவுட் ஆக்ஷன் இயல்பாக ஒரே ஒரு கமிட்டை மட்டும், டேக்குகள் இல்லாமல் இறக்குகிறது. 'ஃபெட்ச்-டெப்த்' மதிப்பை 0 என்று வைத்தால் முழு வரலாறும் டேக்குகளும் வரும்.

அதன் பிறகும் சரியாகவில்லையா? பில்ட்-புஷ் ஆக்ஷனுக்கு 'கான்டெக்ஸ்ட்' எதுவும் தராவிட்டால், நீங்கள் செக்அவுட் செய்த அடைவை அது பார்ப்பதே இல்லை. டாக்கரின் பில்ட் இயந்திரமான பில்ட்கிட் நேராக ரெப்போவிலிருந்து கோப்புகளை எடுத்துக்கொள்கிறது. அதில் கிட் அடைவும் இருக்காது. முந்தைய படிகளில் நீங்கள் உருவாக்கிய எந்தக் கோப்பும் இதனால் காணாமல் போகும். கான்டெக்ஸ்டுக்கு ஒரு புள்ளி, அதாவது நடப்பு அடைவு, என்று கொடுங்கள்.

ஆனால் முந்தைய பதிலில் கிட் அடைவை விலக்கச் சொன்னோம். உள்ளே பதிப்பு எண்ணைக் கணக்கிட அது வேண்டும். இந்த முரணுக்குச் சரியான தீர்வு, வீல் கோப்பை (பைத்தான் நிறுவல் பொதியை) இமேஜுக்கு வெளியே சிஐ படியாகவே பில்ட் செய்துவிடுவது. டாக்கர்ஃபைல் அந்த வீலை மட்டும் காப்பி செய்து நிறுவட்டும். பேக்கேஜ் களஞ்சியத்துக்குப் போகும் வீலும் இமேஜுக்குள் இருக்கும் வீலும் அப்போது ஒரே கோப்பு. பயனர் ஒருவர் பிழை சொல்லும்போது இரண்டு விதமான பில்ட்களைத் துருவ வேண்டியதில்லை.

பதிப்பு எண் கிட் டேக்கிலிருந்து வருவதால், மெயினில் உருவான இமேஜை அப்படியே வெளியீடாக்க உங்களால் முடியாது. அதற்குள் வளர்ச்சிப் பதிப்பின் எண்தான் இருக்கும். டேக் போட்டதும் ஓடும் பில்டையே உங்கள் ஒரே வெளியீட்டு பில்டாக வையுங்கள். சோதனை முடிந்த பிறகே பெயர் சூட்டுங்கள். வளர்ச்சிப் பதிப்பு எண்ணில் கூட்டல் குறி வரும். இமேஜ் டேக்கில் எழுத்து, எண், அடிக்கோடு, புள்ளி, இணைகோடு தவிர வேறெதற்கும் இடமில்லை. கூட்டல் குறியை இணைகோடாக மாற்றிய பிறகு பயன்படுத்துங்கள்.

கேள்வி: 2.0 வெளியிட்ட பின், பழைய வரிசைக்கு 1.9.4 என்று ஒரு திருத்தம் விட்டோம். 'லேட்டஸ்ட்' டேக் 1.9.4க்குப் போய்விட்டது. டேக்குகளை எப்படித்தான் வைப்பது?

பதில்: மெட்டாடேட்டா ஆக்ஷன் செம்வெர் வடிவ ('2.0.0' போன்ற முப்பகுதி எண்) டேக் ஒன்று வந்தாலே லேட்டஸ்டைச் சேர்க்கிறது. '2.0.0-ஆர்சி.1' போன்ற முன்வெளியீடுகளுக்கு மட்டும் சேர்க்காது. எண்களில் எது பெரியது என்று ரிஜிஸ்ட்ரியைப் பார்த்து அது முடிவெடுப்பதில்லை. 'ஃப்ளேவர்' பகுதியில் 'லேட்டஸ்ட்=ஃபால்ஸ்' என்று அணைத்துவிட்டு, கிட் டேக்குகளைப் பதிப்பு வரிசையில் அடுக்கி, இப்போதைய டேக்தான் மிகப் பெரியது என்றால் மட்டும் லேட்டஸ்டை நகர்த்தும் ஒரு சிறு படியை எழுதுங்கள்.

முழு எண் '1.9.4' ஒருமுறை வைத்தபின் நகரவே கூடாது. '1.9', '1' ஆகியவை நகரலாம். பதிப்பு 0இல் தொடங்கும் தொகுப்புகளுக்கு முதன்மை எண் டேக் வேண்டாம். '0' என்ற டேக் எந்த உறுதியும் தராது. உற்பத்திச் சூழலில் ஓடும் அமைப்புகளுக்கு டேக்கே போதாது, டைஜெஸ்ட்டையே எழுதச் சொல்லுங்கள். வெளியீட்டுக் குறிப்பில் டைஜெஸ்ட்டையும் சேர்த்து வெளியிட்டால் அவர்கள் தேட வேண்டியதில்லை.

கேள்வி: ஆர்ம்64 இமேஜையும் சேர்த்ததிலிருந்து பில்ட் நேரம் பல மடங்கு ஆகிவிட்டது. அதோடு ரிஜிஸ்ட்ரி பக்கத்தில் 'அன்னோன்/அன்னோன்' என்று புதிதாக ஒரு தளமும் தெரிகிறது.

பதில்: எக்ஸ்86 செயலி கொண்ட ரன்னரில் ஆர்ம் செயலிக்கான நிரலை ஓட்ட, வேறு செயலியைப் போல நடிக்கும் கியூஇஎம்யு கருவி ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்க்கிறது. கோப்புகளை நகலெடுக்கும் வேலைக்கு அது பொருட்டில்லை. சி, ரஸ்ட் போன்றவற்றைத் தொகுக்கும்போதுதான் நேரம் எகிறுகிறது.

உங்கள் நிரல் கோ மொழியில் இருந்தால் குறுக்குத் தொகுப்பு எளிது. தொகுப்புக் கட்டத்தின் 'ஃப்ரம்' வரியில் தளமாக 'பில்ட்பிளாட்ஃபார்ம்' மாறியைக் கொடுத்தால், அந்தக் கட்டம் ரன்னரின் சொந்தக் கட்டமைப்பிலேயே ஓடும். 'டார்கெட்ஓஎஸ்', 'டார்கெட்ஆர்ச்' இரண்டையும் அந்தக் கட்டத்துக்குள் ஆர்க் என்று அறிவித்து, கோ கம்பைலருக்குக் கொடுங்கள். அறிவிக்க மறந்தால் மதிப்பு காலியாக வரும், பிழை எதுவும் எழாது. ஆர்ம் இமேஜுக்குள் எக்ஸ்86 நிரல் உட்கார்ந்திருக்கும். ஓட்டும்போது 'எக்ஸெக் ஃபார்மேட் எரர்' வரும்போதுதான் தெரியும். ரன் கட்டளையில் ஏதாவது ஒரு கருவியை எக்ஸ்86 முகவரியிலிருந்து நேராக இறக்கினாலும் இதே பிழைதான்.

பைத்தான், ரூபி போன்றவற்றுக்கு ஆர்ம் ரன்னரே நேர்வழி. கிட்ஹப்பின் 'உபுண்டு-24.04-ஆர்ம்' ரன்னர் பொது ரெப்போக்களுக்கு இலவசம். மேட்ரிக்ஸாக இரண்டு ஜாப்கள் வையுங்கள். இரண்டும் ஒரே டேக்குக்கு புஷ் செய்யக் கூடாது. கடைசியில் முடிவது முந்தையதை அழித்துவிடும். டேக்கே இல்லாமல் 'புஷ்-பை-டைஜெஸ்ட்' முறையில் அனுப்பி, கிடைக்கும் இரண்டு டைஜெஸ்ட்டுகளையும் ஆர்டிஃபேக்டாகச் சேமியுங்கள். மூன்றாவது ஜாப் பில்டெக்ஸின் 'இமேஜ்டூல்ஸ் கிரியேட்' கட்டளையால் இரண்டையும் ஒரே பட்டியலாக இணைக்கட்டும். கேஷ் ஸ்கோப்பிலும் கட்டமைப்பின் பெயரைச் சேருங்கள்.

சோதனையையும் இரண்டு கட்டமைப்பிலும் ஓட்டுங்கள். எக்ஸ்86இல் தேறியது ஆர்மிலும் தேறும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

'அன்னோன்/அன்னோன்' என்பது பிழையல்ல. பில்ட் எப்படி நடந்தது என்பதைச் சொல்லும் ப்ரொவனன்ஸ் சான்று இமேஜோடு சேர்த்து வைக்கப்படுகிறது. அதற்குத் தளம் கிடையாது. உங்கள் ரிஜிஸ்ட்ரியோ பழைய கருவியோ அதனால் குழம்பினால் மட்டும் 'ப்ரொவனன்ஸ்: ஃபால்ஸ்' என்று அணையுங்கள். மற்றவர்கள் வைத்துக்கொள்வதே நல்லது.

கேள்வி: பில்டின்போது தனியார் களஞ்சியத்திலிருந்து ஒரு நூலகத்தை இறக்க வேண்டும். டோக்கனை பில்ட் ஆர்க் ஆகக் கொடுத்து, முடிந்ததும் டோக்கன் எழுதப்பட்ட கோப்பை அழித்துவிடுகிறோம். இது போதுமா?

பதில்: போதாது. இமேஜை இழுக்கக்கூடிய யாரும் அந்த டோக்கனை எடுத்துவிட முடியும். ஆர்க் ஆகக் கொடுத்து ரன் கட்டளை பயன்படுத்திய மதிப்பு இமேஜின் வரலாற்றில் அப்படியே தெரியும். 'டாக்கர் ஹிஸ்டரி' கட்டளை ஒன்று போதும். ஒரு அடுக்கில் எழுதிய கோப்பை அடுத்த அடுக்கில் அழித்தாலும் முதல் அடுக்கில் அது இருக்கவே செய்யும். பலகட்ட பில்டில் முதல் கட்டத்தோடு ஆர்க் நின்றுவிடுகிறது என்று நம்புபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: பொது ரெப்போக்களில் பில்ட்-புஷ் ஆக்ஷன் தானாகச் சேர்க்கும் ப்ரொவனன்ஸ் சான்று 'மேக்ஸ்' வகை. பில்ட் ஆர்க்குகளின் மதிப்புகளும் அதில் பதிவாகின்றன.

இதைப் படித்த உடனே அந்த டோக்கனை ரத்து செய்து புதியது வாங்குங்கள். பழைய இமேஜ்களை நீக்குவது அதற்குப் பிறகு.

சரியான வழி சீக்ரெட் மவுண்ட். ரன் கட்டளையில் 'மவுண்ட்' தெரிவோடு 'டைப்=சீக்ரெட்' என்றும் ஒரு ஐடியும் கொடுங்கள். அந்த ஒரு கட்டளை ஓடும்வரை மட்டும் கன்டெய்னரின் கோப்பமைப்பில் உள்ள 'ரன்' என்ற அடைவின் 'சீக்ரெட்ஸ்' துணை அடைவில், ஐடியின் பெயரில் கோப்பு தெரியும். எந்த அடுக்கிலும் பதியாது. ஆனால் கட்டளை அந்தக் கோப்பைப் படித்து வேறு கோப்பில் எழுதினால் அது பதிந்துவிடும். கிட் முகவரிக்குள் டோக்கனை வைத்து க்ளோன் செய்தால் கிட் அமைப்புக் கோப்பில் டோக்கன் தங்குவது இப்படித்தான். 'ரெக்வயர்ட்=ட்ரூ' என்பதையும் சேருங்கள். இல்லையென்றால் ஐடியில் ஒரு எழுத்து மாறினாலும் பில்ட் எதுவும் சொல்லாமல் கோப்பில்லாமல் ஓடும், பிழை வேறெங்கோ வெடிக்கும். சீக்ரெட்டின் மதிப்பு மாறினாலும் கேஷ் உடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். புது டோக்கன் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒருமுறை கேஷ் இல்லாமல் ஓட்ட வேண்டும்.

ஃபோர்க்கிலிருந்து (வேறொருவர் எடுத்த ரெப்போ நகலிலிருந்து) வரும் புல் ரிக்வெஸ்ட்டுக்கு சீக்ரெட்டுகள் எதுவும் தரப்படுவதில்லை. கிட்ஹப் டோக்கனும் படிக்க மட்டுமே. லாகின், புஷ் இரண்டையும் புல் ரிக்வெஸ்ட் அல்லாத நிகழ்வுகளுக்கு மட்டும் என்று நிபந்தனை போடுங்கள். இதைச் சுற்றிப் போக 'புல்-ரிக்வெஸ்ட்-டார்கெட்' நிகழ்வுக்கு மாறி, அதில் ஃபோர்க்கின் நிரலை செக்அவுட் செய்து பில்ட் செய்யாதீர்கள். முன்பின் தெரியாதவர் எழுதிய டாக்கர்ஃபைல் உங்கள் எழுதும் உரிமையோடு ஓடும்.

கேள்வி: எங்கள் ரிலீஸ் ஒர்க்ஃப்ளோ தானாக கிட் டேக் போடுகிறது. ஆனால் டேக் வந்ததும் ஓட வேண்டிய இமேஜ் ஒர்க்ஃப்ளோ ஓடவில்லை. கையால் டேக் போட்டால் ஓடுகிறது.

பதில்: ஒர்க்ஃப்ளோவின் இயல்பான கிட்ஹப் டோக்கனால் நடக்கும் புஷ், வேறு ஒர்க்ஃப்ளோவைத் தூண்டாது. முடிவில்லாத சுழற்சியைத் தடுக்க வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். இமேஜ் ஒர்க்ஃப்ளோவை 'ஒர்க்ஃப்ளோ-கால்' வகைக்கு மாற்றி, ரிலீஸ் ஒர்க்ஃப்ளோவின் அடுத்த ஜாபாக அழையுங்கள். தனிநபர் டோக்கனால் டேக் போட்டாலும் ஓடும். ஆனால் அந்த நபர் திட்டத்தை விட்டு விலகும் நாளில் வெளியீடு நின்றுவிடும்.

கேள்வி: ஆக்ஷன்களை 'வி4' போன்ற டேக்கால் அழைப்பது பாதுகாப்பானதா?

பதில்: அந்த ஆக்ஷனின் ரெப்போவில் எழுதும் உரிமை பெற்ற எவரும் டேக்கை வேறு கமிட்டுக்கு நகர்த்தலாம். 2025 மார்ச்சில் 'டிஜே-ஆக்ஷன்ஸ்/சேஞ்ச்ட்-ஃபைல்ஸ்' என்ற ஆக்ஷனுக்கு அதுதான் நடந்தது. அதன் பல பதிப்பு டேக்குகள் தீங்கான ஒரு கமிட்டுக்குத் திருப்பப்பட்டன. ஓடிய ஒர்க்ஃப்ளோக்களின் சீக்ரெட்டுகள் பதிவுகளில் கொட்டின. 23,000க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் அந்த ஆக்ஷனைப் பயன்படுத்திவந்தன. முழு 40 எழுத்து கமிட் அடையாளத்தால் அழைத்தவர்களை, அந்த இடைவெளியில் அதைப் புதுப்பிக்காதவரை, இது தொடவில்லை. கமிட் அடையாளத்தை எழுதி, பக்கத்தில் குறிப்பாகப் பதிப்பு எண்ணை வையுங்கள். தானியங்கிப் புதுப்பிப்புக் கருவிகளான டிபென்டபாட்டும் ரெனவேட்டும் இரண்டையும் சேர்த்தே புதுப்பிக்கும். ரிஜிஸ்ட்ரிக்கு எழுதும் உரிமையுள்ள ஜாபில் இதைத் தவிர்க்கவே கூடாது.

கேள்வி: பாதுகாப்புப் பலவீனங்களைத் தேடும் ட்ரிவி ஸ்கேனைச் சேர்த்தோம். நூற்றுக்கணக்கான பலவீனங்களைக் காட்டி ஒவ்வொரு பில்டையும் நிறுத்துகிறது. இப்போது எல்லாரும் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

பதில்: கண்டுகொள்ளாத எச்சரிக்கை இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். தீவிரம் உயர்ந்தது, மிகத் தீவிரமானது என்ற இரண்டு நிலைகளுக்கு மட்டும், அதிலும் திருத்தம் வெளிவந்துவிட்டவைக்கு மட்டும் பில்டை நிறுத்துங்கள். 'இக்னோர்-அன்ஃபிக்ஸ்ட்' தெரிவு அதற்குத்தான். மற்றவை அறிக்கையில் இருக்கட்டும். அடுத்து, அடிப்படை இமேஜின் 'ஸ்லிம்' வகைக்கு மாறி, தொகுப்புக் கருவிகளைத் தனிக் கட்டத்தில் விட்டுவிட்டாலே பட்டியல் பெரிதும் சுருங்கும்.

ஆல்பைனுக்கு மாறச் சொல்லும் அறிவுரை நிறையக் கிடைக்கும். பைத்தானுக்கு யோசித்துச் செய்யுங்கள். ஆல்பைனில் இருப்பது மஸல் சி நூலகம். மற்ற லினக்ஸ் வகைகளில் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சிக்காகத் தொகுத்த வீல்கள் அதில் ஓடா. மஸலுக்கென்று தனி வீல் வெளியிடாத நூலகம் ஒவ்வொன்றும் மூலத்திலிருந்து தொகுக்கப்படும், பில்ட் நீளும்.

ஸ்கேன் பில்டின்போது மட்டும் நடந்தால் போதாது. வெளியிட்ட பிறகு அறிவிக்கப்படும் பலவீனங்கள்தான் அதிகம். வாரம் ஒருமுறை, வெளியே இருக்கும் இமேஜையே ஸ்கேன் செய்யுங்கள். தேவைப்பட்டால் மறு பில்ட் செய்யுங்கள்; அப்போது கேஷை அணைத்து, அடிப்படை இமேஜையும் புதிதாக இழுக்கச் சொல்ல வேண்டும். 'ஆப்ட்-கெட் அப்டேட்' வரியின் எழுத்து மாறாததால், கேஷ் இருந்தால் பழைய அடுக்கே திரும்ப வரும். ஒன்றும் புதுப்பிக்கப்படாமலே பில்ட் பச்சையாகும். மறு பில்டில் உருவானது புதிய இமேஜ். அதையும் சோதித்த பிறகு '1.4.2' என்ற பெயரை மாற்றாமல், தேதியைப் பின்னொட்டாக வைத்துத் தனி டேக் கொடுத்து, '1.4'ஐ அதற்கு நகர்த்துங்கள்.

ஒர்க்ஃப்ளோ ஓட வேண்டிய நேரத்தைக் குறிக்கும் கிரான் அட்டவணை இயல்பாக யுடிசியில் கணக்கிடப்படுகிறது. பொது ரெப்போவில் 60 நாள் எந்த நடமாட்டமும் இல்லாவிட்டால் நேரம் குறித்த ஒர்க்ஃப்ளோக்களை கிட்ஹப் நிறுத்திவிடும். நிலைபெற்று அமைதியாக இருக்கும் தொகுப்புகளுக்குத்தான் இந்த வாராந்திர ஓட்டம் மிகவும் தேவை, நிற்பதும் அவற்றில்தான்.

கேள்வி: சொந்த ரன்னரில் இமேஜை இழுக்கும்போது அடிக்கடி 429 (கோரிக்கைகள் வரம்பு மீறின) பிழை வருகிறது.

பதில்: டாக்கரின் பொது ரிஜிஸ்ட்ரியான டாக்கர் ஹப் 2020 நவம்பரில் இழுப்பு வரம்புகளைக் கொண்டுவந்தது, லாகின் இல்லாதவர்களுக்கு ஐபி முகவரிக்கு 6 மணி நேரத்தில் 100 என்று அமைந்தது. ஒரே முகவரிக்குப் பின்னால் பல ரன்னர்கள் இருந்தால் அது சீக்கிரம் தீரும். லாகின் படியை பில்டெக்ஸ் அமைப்புக்கு முன்னால் வையுங்கள், ஏனென்றால் பில்ட்கிட் இமேஜே டாக்கர் ஹப்பிலிருந்துதான் வருகிறது. உள்ளூர் மிரர் வைத்திருந்தும் பலனில்லை என்றால், மிரர் முகவரியை டாக்கர் டீமனின் அமைப்புக் கோப்பில் மட்டும் எழுதியிருப்பீர்கள். டாக்கர்-கன்டெய்னர் டிரைவர் அதைப் படிப்பதில்லை. பில்ட்கிட்டுக்கென்று தனி அமைப்புக் கோப்பு கொடுக்க வேண்டும்.

கேள்வி: சொந்த கிட்லேப் சர்வரில், டாக்கர் டீமன் இல்லாமல் இமேஜ் பில்ட் செய்யும் கானிகோ கருவியைப் பயன்படுத்துகிறோம். தொடரலாமா? டாக்கருக்குள் டாக்கர் முறைக்கு மாறுவதா?

பதில்: கானிகோ ரெப்போவை கூகுள் 2025 ஜூனில் காப்பகமாக்கிவிட்டது. புதிதாக எதையும் அதில் தொடங்க வேண்டாம். இருப்பதையும் மாற்றத் திட்டமிடுங்கள்.

டாக்கருக்குள் டாக்கர் முறைக்கு ரன்னர் 'பிரிவிலெஜ்ட்' (முழு அதிகார) நிலையில் ஓட வேண்டும். அந்த ரன்னரில் ஓடும் எந்த ஜாபும் ஹோஸ்ட் இயந்திரத்தைக் கைப்பற்ற முடியும் என்று எண்ணியே முடிவெடுங்கள். ஏற்பதானால், இமேஜ் பில்டுக்கென்று தனி ரன்னர் ஒதுக்கி, பாதுகாக்கப்பட்ட கிளைகளுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். டீமனோடு இணைய முடியவில்லை, போர்ட் 2375 என்று பிழை வந்தால் அது டிஎல்எஸ் (மறையாக்க இணைப்பு) சிக்கல். டாக்கர் 19.03 முதல் அந்த இமேஜில் டிஎல்எஸ் இயல்பாக இயங்குகிறது, போர்ட் 2376. சான்றிதழ் அடைவு மாறியை அமைத்து, 'சர்ட்ஸ்' அடைவின் 'க்ளையன்ட்' துணை அடைவை ரன்னரின் வால்யூம் பட்டியலில் சேர்த்தால் இணையும். ஹோஸ்டின் டாக்கர் சாக்கெட்டை ஜாபுக்குள் மவுண்ட் செய்வது எளிதாகத் தெரியும். ஆபத்து அதே அளவுதான், கூடவே ஒரே நேரத்தில் ஓடும் ஜாப்களின் கன்டெய்னர் பெயர்கள் மோதும்.

பிரிவிலெஜ்ட் கூடாது என்றால் பில்டா என்ற பில்ட் கருவியையோ ரூட் உரிமை இல்லாமல் ஓடும் பில்ட்கிட்டையோ பயன்படுத்துங்கள். பில்டாவில் சேமிப்பு டிரைவரை 'விஎஃப்எஸ்' என்றும் தனிமைப்படுத்தலை 'சிஹெச்ரூட்' என்றும் வைத்தால் பெரும்பாலான ரன்னர்களில் ஓடும். விஎஃப்எஸ் ஒவ்வொரு அடுக்குக்கும் முழு நகல் எடுப்பதால் வட்டு இடம் மளமளவென்று தீரும். டாக்கர்ஃபைலை நன்றாக எழுதி அடுக்குகளைக் குறைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

கேள்வி: இமேஜ் சரியாக பில்ட் ஆகிறது. ஓட்டினால், தொடக்க ஸ்கிரிப்ட் அங்கேயே இருந்தும் 'அப்படியொரு கோப்பு இல்லை' என்கிறது. அதைச் சரிசெய்த பிறகு, நிறுத்தும்போது ஒவ்வொரு முறையும் 10 நொடி ஆகிறது.

பதில்: கோப்பு இருக்கிறது, அதன் முதல் வரியில் சொல்லியிருக்கும் ஷெல்தான் இல்லை. விண்டோஸ் வரி முடிவோடு கமிட் ஆன ஸ்கிரிப்டில் ஷெல்லின் பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பெயரில் கோப்பு எதுவும் கிடையாது. 'டாட் கிட்ஆட்ரிபியூட்ஸ்' கோப்பில் ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு 'இஓஎல்=எல்எஃப்' என்று எழுதிவிடுங்கள். பாஷ் இல்லாத ஆல்பைனில் பாஷைக் கேட்டாலும், ஜிலிப்சிக்குத் தொகுத்த நிரலை அங்கே ஓட்டினாலும் இதே செய்திதான் வரும்.

10 நொடி என்பது டாக்கர் ஸ்டாப் காத்திருக்கும் இயல்பான நேரம். முடிந்துகொள்ளச் சொல்லும் சிக்னல் உங்கள் நிரலுக்குப் போய்ச் சேரவில்லை. 10 நொடி கழிந்ததும் வலுக்கட்டாயமாகக் கொல்லப்படுகிறது, வெளியேறும் எண் 137 ஆகிறது. 'சிஎம்டி' வரியைச் சதுர அடைப்புக்குறிப் பட்டியலாக எழுதாமல் வெறும் வாக்கியமாக எழுதினால், முதல் செயல்முறையாக ஷெல் உட்கார்ந்துகொள்கிறது. அது சிக்னலைக் கீழே கடத்தாது. பட்டியல் வடிவத்துக்கு மாற்றுங்கள். தொடக்க ஸ்கிரிப்ட் இருந்தால் அதன் கடைசி வரியில் நிரலின் பெயருக்கு முன்னால் 'எக்ஸெக்' சேருங்கள்.

இரண்டையும் சிஐ சோதனையிலேயே பிடிக்கலாம். டைஜெஸ்ட்டால் இழுத்த இமேஜைப் பின்னணியில் ஓட்டுங்கள். நலம் சொல்லும் முகவரி 200 தரும்வரை, அதிகபட்சம் 30 நொடி, காத்திருங்கள். பதிப்பு எண்ணைக் கேட்டு கிட் டேக்கோடு ஒப்பிடுங்கள். பிறகு டாக்கர் ஸ்டாப் கொடுத்து வெளியேறும் எண்ணைப் பாருங்கள். அது 137 என்றால் ஜாபைத் தோற்கடியுங்கள், பெயர் சூட்டும் படிக்குப் போகவிடாதீர்கள்.